நோய் இருக்கும்வரை வேலை இருக்குமா?

பிளஸ் டூ முடிவு வந்ததும் மாவட்டத் தலைநகரங்களின் கல்யாண மண்டபங்கள் கல்விக் கண்காட்சிக் கூடங்களாகிவிடுகின்றன. மேடையில் மைக் பிடித்தவர் பொறியியலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தயங்குவார். ஐ.டி. கம்பெனிகள் ஆட்களைக் குறைத்த செய்தி எல்லோர் கைப்பேசியிலும் வந்திருக்கிறது. நர்சிங், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே படிப்புகளுக்கு வந்ததும் அவர் குரல் நிமிர்ந்துவிடும். "மனுஷனுக்கு நோய் இருக்கிற வரைக்கும் இந்தத் துறையில வேலை இருக்கும். படிச்சு முடிச்ச அன்னைக்கே வேலை. இங்க இல்லேன்னா வெளிநாடு." கீழே உட்கார்ந்திருக்கும் அம்மா மகளின் கையை அழுத்திப் பிடிக்கிறார். அந்த அம்மாவின் கையில் இருக்கும் வளையல்தான் முதல் வருடக் கட்டணம்.

மேடைப் பேச்சாளர் மட்டும் இதைச் சொல்வதில்லை. பத்திரிகைகளின் கல்வி மலர்கள் சொல்கின்றன, பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சொந்தத்தில் இருக்கும் டாக்டர் சொல்கிறார். பொருளாதாரம் படுத்தாலும் படுக்காத துறை, ஆள் கிடைக்காமல் தவிக்கும் துறை, காலடி வைத்தால் கரை சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டு நடுத்தர, ஏழைக் குடும்பங்களில் வேர்விட்டிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. பாதி உண்மையின் மேல் கட்டப்பட்டிருப்பதால், முழுப் பொய்யைவிட இதில் சேதம் அதிகம்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட செவிலியர் நிலை அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 2.98 கோடி செவிலியர்கள் இருக்கிறார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. இந்தியாவில் முதியோர் பெருகுகிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. டயாலிசிஸ் மையம் இல்லாத நகரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கை கொடுக்க ஆள் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ஆனால் தேவை வேறு, பணியிடம் வேறு. பசி இருக்கிற ஊரில் எல்லாம் சாப்பாட்டுக் கடை நடந்துவிடுவதில்லை. நோயாளிக்கு ஒரு செவிலியர் தேவைப்படுவதும், அந்தச் செவிலியருக்குச் சம்பளம் கொடுக்க ஒருவர் முன்வருவதும் ஒன்றல்ல. ஒரு பணியிடம் பிறக்க வேண்டுமானால் அரசு நிதி ஒதுக்க வேண்டும், அல்லது மருத்துவமனை முதலாளி தன் வருமானத்திலிருந்து ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டும் நடக்காதபோது தேவை அப்படியே கிடக்கும். இருக்கிற இரண்டு பேர் நான்கு பேரின் வேலையைப் பார்ப்பார்கள். 'ஆள் பற்றாக்குறை' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இந்த நிலைமைதான்.

தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு ஆளெடுக்க 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. அந்த வாரியம் 2015-ல் போட்டித் தேர்வு நடத்தி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தது. முறையாகப் படித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, தேர்வெழுதி, தரவரிசையில் வந்தவர்கள் அவர்கள். கொடுக்கப்பட்டது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் நிரந்தரம் என்ற உறுதி இருந்தது. மாதத்தை முப்பது நாளாகப் பிரித்தால் நாளொன்றுக்கு 257 ரூபாய்கூட வரவில்லை. பிரசவம் பார்க்கிற, ஊசி போடுகிற, விபத்தில் வந்தவரின் ரத்தத்தை நிறுத்துகிற கைகளுக்கு மாநிலம் நிர்ணயித்த விலை அது.

இரண்டு ஆண்டுகள் ஓடின, நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். அரசு சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும்: காலியிடம் ஏற்பட ஏற்பட, படிப்படியாக நிரந்தரமாக்கப்படுவார்கள். அவர்கள் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வார்டில் நோயாளி இருந்தார், அவருக்குச் செவிலியரும் இருந்தார். கோப்பில் மட்டும் இடம் இல்லை. சம்பளம் பிறகு 14,000, அதன் பிறகு 18,000 என்று உயர்த்தப்பட்டது. நிரந்தரம் என்ற சொல்லுக்காக அவர்கள் ஆட்சி மாறிய பின்னும் காத்திருந்தார்கள்.

கொரோனா காலம் இன்னும் கூர்மையான பாடம். நாடே கைதட்டிய 2020-ல் தமிழ்நாட்டு அரசு மேலும் ஆயிரக்கணக்கான செவிலியர்களைத் தற்காலிகமாக அவசரத்தில் எடுத்தது. முழுக் கவச உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி, தண்ணீர் குடிக்கவும் கழற்ற முடியாமல், மணிக்கணக்கில் நின்றவர்கள் இவர்கள். 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் 2,300-க்கும் மேற்பட்டோரின் பணி முடிக்கப்பட்டது. புத்தாண்டு நாளில் அவர்கள் போராட்டப் பந்தலில் இருந்தார்கள். பின்னர் வேறு திட்டங்களில் ஒப்பந்தப் பணி தரப்படும் என்று அரசு அறிவித்தது. அந்த டிசம்பரில் தமிழ்நாட்டில் நோய் குறைந்துவிடவில்லை. மேடையில் சொன்ன விதிப்படி அவர்களுக்கு வேலை இருந்திருக்க வேண்டும்.

தனியார் துறைக்கு வந்தால் கதை வேறு மாதிரி இருக்கும் என்பார்கள். அங்கே லாபம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, நல்ல ஆளுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது வாதம். சென்னையில் 1983-ல் அப்பல்லோ தொடங்கியதிலிருந்து தனியார் மருத்துவமனைகள் இந்த நாட்டில் வளர்ந்திருக்கும் வேகத்துக்கு இணையான துறைகள் குறைவு. அந்த வளர்ச்சி செவிலியரின் சம்பளக் கவரை எட்டியதா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில், தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் ஊதியத்தையும் பணிச்சூழலையும் ஆராய ஒரு குழு அமைக்கும்படி நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழு சொன்ன கணக்கு எளிமையானது. 200 படுக்கைக்கு மேலிருந்தால் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேலிருந்தால் அதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காடு வரை குறையலாம். 50-க்கும் கீழிருந்தால்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது.

நிறைவேற்றும் பொறுப்பு மாநிலங்களுக்குப் போனது. பெரும்பாலான மாநிலங்களில் அது பரிந்துரையாகவே உறைந்துவிட்டது. பத்து ஆண்டுகள் கழிந்தும் தமிழ்நாட்டுச் சிறுநகர மருத்துவமனைகளில் அந்த 20,000-ஐத் தொடாத சம்பளங்கள் சாதாரணம். சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பதும், இடையில் நின்றால் பாண்டுப் பணம் கட்டச் சொல்வதும் செவிலியர் வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். ஆளுக்கு உண்மையிலேயே அடித்துப்பிடிக்கிற சந்தையில் முதலாளி சம்பளத்தை ஏற்றுவாரா, சர்டிபிகேட்டைப் பூட்டிவைப்பாரா?

நாற்பது படுக்கை கொண்ட சிறுநகர மருத்துவமனை ஒன்றின் இரவை அருகிலிருந்து பார்த்தால் இந்தக் கணக்கின் மனித உருவம் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டி மாறும். இரண்டு மாடிக்கு இரண்டு சிஸ்டர், ஓர் ஆயா. பத்து மணி ஆன்டிபயாடிக்கை ஒவ்வொரு குப்பியாக டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கலக்கி, அவசரப்படாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். அதற்குள் மூன்றாம் அறையிலிருந்து குரல் வரும்: "சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு." ஏழாம் அறையில் கேனுலா நரம்பை விட்டு வெளியே வந்து பெரியவரின் புறங்கை வீங்கியிருக்கும். அதைக் கழற்றி, மறு கையில் நரம்பு தேடி, புதிதாகப் போட வேண்டும். எழுபது வயது நரம்பு ஊசியைக் கண்டால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இரவு மூன்று மணி. டெங்கு என்று சேர்த்த ஒன்பது வயதுப் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பு குளிர்ந்திருக்கிறது என்று அம்மா நிம்மதியாகக் கண்ணயர்ந்துவிட்டார். சிஸ்டருக்கு அந்தக் குளிர்ச்சிதான் பயம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவது அப்போதுதான். அவர் பிரஷர் பார்க்கிறார். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையே இருக்கும் தூரம் சுருங்கி 20-க்கு வந்துவிட்டால் பையன் அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். பாதத்தைத் தொட்டுப் பார்க்கிறார், சில்லென்றிருக்கிறது. கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று அம்மாவை எழுப்பிக் கேட்கிறார். கீழே டியூட்டி டாக்டருக்கு போன் போட்டபடியே இன்னொரு கையால் டிரிப்பின் வேகத்தைச் சரிபார்க்கிறார். இந்தப் பத்து நிமிடம் அந்த மருத்துவமனையின் பில்லில் எங்கும் வராது. டாக்டர் ஃபீஸ் வரும், அறை வாடகை வரும், பஞ்சுக்கும் கையுறைக்கும் தனி வரி இருக்கும். பையன் பிழைத்ததற்கான முதல் காரணம் பில்லில் இல்லாததால், சம்பளத்திலும் இல்லாமல் போகிறது.

பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த கணக்கு. மேலே சொன்ன மருத்துவமனையில் ஒருவர் இருபது பேரைப் பார்க்கிறார். அவர் ஐந்தாம் அறையில் இருக்கும் நேரத்தில் அந்தப் பையனின் பாதம் குளிர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எந்தத் தாயும் யோசிக்க விரும்பமாட்டார்.

சின்ன மருத்துவமனைகளால் இவ்வளவு சம்பளம் கொடுக்க முடியாது, மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்ற மறுமொழி உடனே வரும். கேரளத்தில் இதே வாதத்தை அப்படியே கேட்டார்கள். 2011-ல் திருச்சூரில் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் அமைப்பு கட்டியது. 2017-ல் மாநிலம் தழுவிய போராட்டம் நடந்தது. முதல்வர் பினராயி விஜயன் கூட்டிய பேச்சுவார்த்தையில் குறைந்தபட்ச ஊதியம் 20,000 என்று முடிவாகி, 2018 ஏப்ரலில் அரசாணை வந்தது. மருத்துவமனை நிர்வாகங்கள் நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தன. கேரளத்தின் மருத்துவமனைகள் மூடிக்கிடக்கவில்லை. அரசாணையை ஏமாற்றும் இடங்கள் அங்கேயும் உண்டு. ஆனால் ஏமாற்றுகிறார்கள் என்று காட்டிக் கேட்க ஒரு தாள் கையில் இருக்கிறது. அந்தத் தாளைச் சந்தை தானாகத் தரவில்லை. செவிலியர்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கினார்கள்.

அடுத்து 'வெளிநாடு' என்ற வாக்குறுதி. இதில் உண்மை உண்டு. வேலூர், மதுரை, நாகர்கோவில் பிள்ளைகள் லண்டனிலும் துபாயிலும் நல்ல பெயரோடு வேலை பார்க்கிறார்கள். ஆங்கில நாடுகளுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி., ஜெர்மனிக்கு அந்த மொழியிலேயே தேர்வு. இதற்கெல்லாம் பயிற்சிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பிறகு ஏஜென்டு. வளைகுடா வேலைக்கு ஏஜென்டுகள் லட்சக்கணக்கில் கறந்த கதைகள் பெருகியதால்தான் 2015-ல் மத்திய அரசு, அந்த நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்குக் குடியேற்ற அனுமதியைக் கட்டாயமாக்கி, ஆளெடுப்பை அரசு முகமைகள் வழியே திருப்பியது. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. கல்விக் கண்காட்சியில் வெளிநாட்டுப் படத்தைப் போடுகிற கல்லூரிகளில் எத்தனை பேர் அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்கிறார்கள்?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அந்த அனுபவச் சான்றிதழைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் மருத்துவமனை. ஆகவே புதிதாகப் படித்து வரும் பெண் என்ன சம்பளம் கொடுத்தாலும் சேர்வார், எத்தனை நைட் டியூட்டி போட்டாலும் வாய் திறக்கமாட்டார் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அவர் கிளம்பியதும் அடுத்த ஆண்டு அடுத்தவர் வருவார். வெளிநாட்டுக் கனவுதான் உள்நாட்டுக் குறைந்த சம்பளத்தை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறது. வீட்டார் மகளுக்கு மாதாமாதம் செலவுக்கு அனுப்பும் பணம், உண்மையில் அந்த மருத்துவமனைக்கு அவர்கள் கொடுக்கும் மானியம். வார்டுகளில் எப்போதும் புதுக் கைகளே இருப்பதால் நோயாளிக்கும் நட்டம்தான்.

செவிலியருக்காவது 1926 முதல் மாநிலத்தில் ஒரு கவுன்சில் இருக்கிறது. பதிவு எண் இருக்கிறது. லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், அவசரச் சிகிச்சை என்று 'பாராமெடிக்கல்' குடைக்குள் வரும் பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். இந்தத் தொழில்களுக்கு நாடு முழுமைக்குமான சட்டம் 2021-ல்தான் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அது பட்டியலிட்டது. மாநிலம்தோறும் கவுன்சில் அமைக்கச் சொன்னது. அமைப்பதில் காட்டிய மெத்தனத்தைப் பார்த்து 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. சட்டம் இல்லாத அந்த இடைவெளியில் முளைத்தவைதான் மாடிப்படிக்குப் பக்கத்தில் போர்டு மாட்டிய பயிற்சி நிலையங்கள். ஆறு மாத டிப்ளமோ, ஒரு வருட டிப்ளமோ, பளபளக்கும் சான்றிதழ். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்தத் தாள் செல்லாது என்று பையனுக்குத் தெரியவருகிறது.

செல்லாத படிப்பு பிள்ளையின் வாழ்க்கையை மட்டும் கெடுப்பதில்லை. லேபில் ரத்தம் எடுக்கும் குழாய்களை எடுத்துக்கொள்ளலாம். ஊதா மூடி, சிவப்பு மூடி, சாம்பல் மூடி, நீல மூடி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் பொட்டாசிய உப்பாகப் பூசப்பட்டிருக்கும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் கொஞ்சம் குறைந்துவிட்டது, மறுபடி குத்தினால் நோயாளி கத்துவார் என்று ஊதாவிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பினால் போதும். பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைக்கு இறங்கும். டாக்டர் அந்த ரிப்போர்ட்டை நம்பினால், நலமாகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அவசர சிகிச்சை தொடங்கிவிடும். மெல்லிய ஊசியில் பலமாக இழுத்து ரத்த அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். முறையாகப் படித்த டெக்னீஷியன், அணுக்கள் உடைந்ததால் சிவந்துபோன சீரத்தைக் கண்ணால் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டு, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்வார். ஆறு மாதத்தில் தயாரித்து எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் வேலைக்கு வைத்த பையனிடம் அந்தக் கண்ணையும், ரிப்போர்ட் சீக்கிரம் வேண்டும் என்று கத்துகிற முதலாளியிடம் மறுத்துப் பேசும் தைரியத்தையும் எப்படி எதிர்பார்ப்பது?

இத்தனைக்கும் அடியில் ஓர் எண்ணம் கிடக்கிறது. மருத்துவம் என்றால் டாக்டர். மற்றவர்கள் எல்லாம் டாக்டர் ஆக முடியாதவர்கள். ஆண்டுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் நீட் எழுதுகிறார்கள். நாடு முழுவதும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்கள் 1.2 லட்சத்துக்கு அருகில். மிச்சமுள்ளவர்களில் ஒரு பகுதியினரை நோக்கித்தான் "பரவாயில்லை, பாராமெடிக்கல் படி" என்று சொல்லப்படுகிறது. ஆறுதல் பரிசாகக் கொடுக்கப்பட்ட வேலைக்கு மரியாதையான சம்பளம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாட்டு மருத்துவத்தின் பெருமைக்குரிய பக்கங்கள் அனைத்தும் இந்த எண்ணத்துக்கு எதிரானவை. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியபோது, காசநோயாளியை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது உலக மருத்துவத்தின் நம்பிக்கை. சென்னையின் நெரிசலான, ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள் என்று 1959-ல் வெளியான ஆய்வு காட்டியது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை அதன் பிறகு மாறியது. அந்த ஆய்வு நடந்தது வீடுவீடாக ஏறி இறங்கிய சுகாதாரப் பார்வையாளர்களால். முன்னறிவிப்பில்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் வாங்கி வந்தார்கள், மருந்து பிடிக்காமல் நிறுத்த நினைத்தவர்களிடம் பேசிப் பேசித் தொடர வைத்தார்கள்.

மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்னொரு சாட்சி. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அவர் அதைத் தொடங்கினார். உலகம் அங்கே வந்து கற்றுக்கொண்டுபோன வேகத்தின் ரகசியம், கிராமங்களிலிருந்து பள்ளி முடித்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெறும் பெண்கள்தான். பார்வைத் திறன் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, லென்ஸ் கணக்கிடுவது, நோயாளியைத் தயார்ப்படுத்துவது எல்லாம் அவர்கள் கையில். அறுவை அரங்கில் ஒரு மேஜையில் ஆபரேஷன் முடியும்போது அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார வேண்டியதுதான். மற்ற இடங்களைப் போலப் பல மடங்கு அறுவைகளை ஒரு டாக்டரால் செய்ய முடிவது அதனால்தான். அரவிந்தைப் பார்க்க வரும் பல நிர்வாகிகள் இரண்டு மேஜையை மட்டும் நகலெடுக்கிறார்கள். இரண்டு ஆண்டு பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

அரசுத் துறையிலும் இதற்குச் சான்று இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலைக்குப் பிறகு பூட்டு தொங்கிய காலம் ஒன்று இருந்தது. பிரசவ வலி ராத்திரியில் வந்தால் கார் பிடித்து டவுனுக்கு ஓட வேண்டும். 2000-களில் நிலையத்துக்கு மூன்று செவிலியர்கள் என்று முறை வைத்துப் போட்டு, 24 மணி நேரமும் திறந்துவைத்தபோது பிரசவங்கள் அங்கே வரத் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. லட்சம் பிரசவத்துக்கு நேரும் தாய் மரணம் 2018-20 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 97, தமிழ்நாட்டில் 54. மூன்று பணியிடம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அந்தச் செவிலியர்களில் பலர் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, எல்லாரையும் துடைத்துவிடும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பயமுறுத்தலும் கிளம்பியிருக்கிறது. அதையும் நம்ப வேண்டியதில்லை. அத்துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் 2016-ல், இனி கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதையே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஐந்தாண்டு போய் இன்னொரு ஐந்தாண்டும் ஆகிறது. ஸ்கேன் பார்க்க மருத்துவர்கள் இல்லை என்றுதான் நாடுகள் அலைகின்றன. அந்தச் சிவந்த சீரத்தையும் குளிர்ந்த பாதத்தையும் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அவருக்கு எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணி நேரம் நிறுத்திவைப்பது என்பதைத் தீர்மானிப்பதும் மனிதர்களே.

பணம் இல்லை என்ற பேச்சுக்கும் கணக்கு இருக்கிறது. மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டை 2025-க்குள் அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்தது. 2021-22-ல், அதுவும் பெருந்தொற்றின் நடுவில், அது 1.84 விழுக்காடு. அதே ஆண்டு மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் நேரடியாகத் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்டினார்கள். நோயாளி கடன் வாங்கிக் கட்டுகிறார், செவிலியர் குறைச்சலாக வாங்குகிறார். நடுவில் ஒரு துறை வளர்கிறது.

அப்படியானால் பிள்ளைகள் இந்தப் படிப்புக்குப் போகக் கூடாதா? போக வேண்டும். 1946-லேயே வேலூர் சி.எம்.சி. செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கிய மண் இது. மூன்று மணிக்கு விழித்திருக்கும் அந்தக் கண்கள் இல்லாமல் எந்த ஊரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். இந்தப் படிப்பு எந்தக் கவுன்சிலில் பதிவாகும், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, அங்கே எத்தனை படுக்கை, உண்மையில் நோயாளி வருகிறார்களா என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது சர்டிபிகேட்டின் நகலை மட்டும் கொடுக்க வேண்டும். சங்கத்தின் போன் நம்பரையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மே மாதம் அந்த மண்டபத்தில் உட்காரப்போகும் அம்மாவுக்கு இன்னொரு கேள்விக்கும் உரிமை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கல்லூரியில் முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், இன்று எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், மாதம் என்ன வாங்குகிறார்கள்? பளபளக்கும் விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இந்த மூன்று எண்களையும் அச்சிட வேண்டும் என்று அரசு ஒரு வரி உத்தரவு போடலாம். அதுவரை, வளையலைக் கழற்றுவதற்கு முன் அந்த அம்மாவே மேடையை நோக்கிக் கையை உயர்த்திக் கேட்க வேண்டும்.